விசில் ஊமையான ஆறு வாரம்

பேச்சித்தாயின் வாயிலிருந்து ஆவுடையப்பன் அண்ணாச்சி விசிலைப் பிடுங்கிய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணியிலிருந்து, வேலாங்கரை எல்லைக்குள் எந்த ஆண்பிள்ளை ஊதினாலும் விசில் சத்தம் போடவில்லை. காற்று போனது, கன்னம் உப்பியது, கழுத்து நரம்பு புடைத்தது, உள்ளே கிடந்த சின்ன உருண்டை சுற்றவும் செய்தது. சத்தம் மட்டும் வரவில்லை. அதே விசிலைச் சட்டையில் துடைத்து ஒரு பெண்பிள்ளையிடம் கொடுத்தால் தெருக்கோடி நாய் எழுந்து நின்று பார்க்கிற அளவுக்குக் கூவியது. ஏன் இப்படி என்று நாங்கள் ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு, சரி, யார் ஊதுவது என்று கேட்க ஆரம்பித்துவிட்டோம்.

பேச்சித்தாய் எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். முப்பத்தொன்பது வயது, ஒல்லியான உடம்பு, வலது புருவத்தை இரண்டாகப் பிரிக்கிற ஒரு தழும்பு. மாநில அணிக்காக ஆறு வருஷம் கபடி ஆடி, எதிராளியின் முழங்கை தந்த தழும்பு அது. அப்புறம் பாட்டியாலாவுக்கு ரயிலேறிப் போய், கோச்சிங் படித்து, சான்றிதழோடும் திட்டுவதற்குப் போதுமான இந்தியோடும் திரும்பி வந்தவள். அவள் கணவன் சங்கிலிபூதம் பதினொன்றாம் நம்பர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். யாரிடமும் குரலை உயர்த்தத் தெரியாத மனுஷன்.

ஊரின் ஆண்கள் கபடி அணி அவளிடம் வந்தது ஒரு விளையாட்டில்தான். பள்ளிக்கூடப் பெண்களைக் கேலி செய்வதற்காக ஒரு சனிக்கிழமை பழக்க ஆட்டம் கேட்டார்கள். முப்பத்துநாலுக்குப் பதினொன்று என்று தோற்றார்கள். சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் விடியலில் கேப்டன் மாசானம், சிமெண்ட் குடோனில் மூட்டை தூக்குகிறவன், சிரிக்காமல் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"யக்கா, எங்களுக்கும் சொல்லித் தாரியளா?"

"எதை?"

"நேத்து எங்கள என்ன செஞ்சியளோ, அதை."

அவள் பல் துலக்குவதை நிறுத்தாமல் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "காலைல அஞ்சரை. ஒரு நிமிஷம் பிந்தினா அன்னைக்குப் பூராவும் கிரவுண்டச் சுத்தி ஓட்டம்தான். குடிச்சா வராத. சம்மதம்னா பன்னெண்டு பேரக் கூட்டிட்டு வா."

எட்டு மாதம் வந்தார்கள். டயர் கடைக்காரன், தையல்காரன், லாரி கிளீனர், வாழைத்தார் வெட்டுகிறவன் என்று பன்னிரண்டு ஆண்பிள்ளைகள் அவளுடைய ஒரு விசிலுக்குக் குனிந்து, இரண்டு விசிலுக்கு விரிந்து, மூன்று விசிலுக்கு ஒருவன் கையை ஒருவன் பிடித்துச் சங்கிலியாக வளைந்தார்கள். கபடி என்றால் பலம் என்று அதுவரை நினைத்திருந்தவர்களுக்கு அது மூச்சும் பாதமும் என்று தெரியவந்தது. கண்ணைக் கட்டிவிட்டு, பாடி வருகிறவனின் மூச்சை வைத்தே அவன் எந்தக் காலை நீட்டப் போகிறான் என்று சொல்லச் சொன்னாள். முதல் மாதம் எல்லோரும் தப்பாகச் சொன்னார்கள். எட்டாவது மாதம் தையல்காரன் இருளப்பன் தூங்கும்போதுகூட, பக்கத்தில் படுத்திருந்த மனைவி எந்தப் பக்கம் புரளப் போகிறாள் என்று சொன்னதாக அவளே ரேஷன் கடையில் நின்று முறையிட்டாள்.

அந்த வருஷப் பங்குனித் தொடர்போட்டிக்கு இருபது ஊர் அணிகள் வந்திருந்தன. தலைவர் ஆவுடையப்பன் அண்ணாச்சி செங்கல் சூளை வைத்திருக்கிறவர்; முப்பது வருஷமாகப் போட்டியை நடத்துகிறவர்; இளவட்டத்தில் அவர் பாடிப் போனால் எதிரணி பின்கோட்டைத் தாண்டி ஓடும் என்பார்கள். கெட்ட மனுஷர் இல்லை. யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதல் பந்தல் கால் அவருடைய ஆட்கள் நட்டதாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் அணி களத்துக்குள் இறங்கி உடம்பைச் சூடாக்க, கோட்டோரத்தில் பேண்ட்டும் டீசட்டையுமாக நின்று பேச்சித்தாய் விசிலை வாயில் வைத்தபோது, அவர் மேடையிலிருந்து மைக்கோடு இறங்கி வந்தார்.

"எம்மா, இது ஆம்பளையாளுவ ஆடுத களம். இங்க பொம்பள விசில் ஊதி ஆம்பள குனிஞ்சான்னு நாளைக்கு நாலு ஊர்ல பேசக் கூடாது. பொம்பளையாளுவளுக்கு அங்க சேர் போட்டிருக்கு. போயி உக்காரு."

மைக்கில் சொன்னதால் இரண்டாயிரம் பேருக்கும் கேட்டது. அவள் விசிலை எடுக்காமலே அவரைப் பார்த்தாள். அவர் கையை நீட்டி அதைப் பிடுங்கினார். கயிறு அறுந்து அவள் கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது.  அவள் நேராக நடந்து, கம்பி வேலிக்கு வெளியே ரோட்டில் போய் நின்றாள். பெண்களுக்குப் போட்ட நாற்காலியில் மட்டும் உட்காரவில்லை.

நடுவர் ஆட்டத்தைத் தொடங்க விசிலை ஊதினார். காற்றுதான் வந்தது. உதறிவிட்டு ஊதினார். உதவி நடுவர் ஊதினார். ஆவுடையப்பன் அண்ணாச்சி கையில் இருந்த அந்த விசிலையே வாங்கி ஊதிப் பார்த்தார்கள். ஏழு விசில், பதினோரு ஆண்கள். பொதிகைப் பக்கத்துக் காற்று வேலியில் உரசுகிற சத்தம்தான் கேட்டது. போட்டியை ஒத்தி வைத்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் பதினொன்றாம் நம்பர் பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பவில்லை. சங்கிலிபூதம் ஊதி ஊதி முகம் சிவந்து, கடைசியில் தகரத்தைத் தட்டினான். டிரைவருக்கு வயதானதால் தகரச் சத்தம் காதில் ஏறவில்லை. முன்சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்கார முப்பிடாதி, ஐம்பது வயது, வாயில் எப்போதும் வெற்றிலை, "இங்க கொண்டாரும் அதை" என்று வாங்கி, வெற்றிலையைக் கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு ஒரு ஊது ஊதினாள். பஸ் நகர்ந்தது. அவள் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மறுநாளிலிருந்து பூக்கூடையை மகளிடம் விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கக் கூடாது என்பதில் அவளுக்குத் தனிக் கருத்துகள் இருந்தன. இருபது வருஷமாக பஸ் நிற்காமல் போய்க்கொண்டிருந்த, காலனிக்கு ரோடு பிரிகிற விலக்கில் அந்த வாரத்திலிருந்து பஸ் நின்றது.

இப்படியே ஒவ்வொன்றாக ஊர் பழகிக்கொண்டது. நாலு ரோடு சந்திப்பில் போக்குவரத்துப் போலீஸ்காரர் கையைக் காட்ட, பக்கத்தில் நின்று அவருடைய மனைவி ஊதினாள். ஒரு வாரத்தில் அவள் கையையும் காட்டினாள், அவர் நிழலில் நின்றார். ரயில்வே கேட்டில் கேட் கீப்பரின் மாமியார் ஊதினாள். நூற்பாலையில் ஷிப்ட் மாற்ற ஊதுகிற வேலைக்கு இரண்டு பெண்களைப் போட்டார்கள். வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஊர் எல்லைக் கல்லைத் தாண்டினால் விசில் ஆண்களுக்கும் சத்தம் போட்டது என்பதால், சாயங்காலம் சிலர் அதற்காகவே பாலத்தைத் தாண்டி நடந்து போய், மனசு நிறைய ஊதிவிட்டு வந்தார்கள்.

விரலை மடித்து ஊதுகிற விசிலும் போய்விட்டது. ஊரின் ஒரே தியேட்டரில் புதுப் படத்தில் கதாநாயகன் முகம் வந்த நேரம் நானூறு ஆண்கள் வாயில் விரலை வைத்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருக்க, பின்வரிசையில் நர்சிங் படிக்கிற பிள்ளைகள் ஒன்பது பேர் முதல் முறையாக விரலை வாயில் வைத்துப் பழகினார்கள். இடைவேளைக்குள் கூரைத் தகரம் அதிர்ந்தது. அதே பிள்ளைகள் காலேஜுக்குப் போகிற டீக்கடை முக்கில் ஆறு வாரம் ஒரு கேலி விசிலும் எழவில்லை. டாக்டரிடம் போனவர்களுக்குத் தொண்டை நன்றாக இருக்கிறது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். குக்கர் விசில் மட்டும் எப்போதும்போல, ஆண்பிள்ளை அடுப்பில் வைத்தாலும் பெண்பிள்ளை வைத்தாலும் மூன்று தரம் கத்தியது. யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை.

பேச்சித்தாய் இது எதிலும் கலந்துகொள்ளவில்லை. காலை ஐந்தரைக்கு அணி வந்தது, அவள் ஊதினாள், அவர்கள் ஓடினார்கள்.

"ஏ பிள்ள, உண்மையச் சொல்லு," என்று சங்கிலிபூதம் ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடி கேட்டான். "நீ எதுவும் சாபம் கீபம் விட்டியா?"

"எனக்குச் சாபம் விடத் தெரிஞ்சிருந்தா வெறும் விசிலோடயா நிறுத்தியிருப்பேன்?" என்றாள். "உங்க பஸ்ஸு ஓடுதுல்லா?"

"நேரத்துக்கு ஓடுது. அதுதான் பயமா இருக்கு."

மூன்றாவது வாரம் ஊர் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. பேச்சி என்ற அம்மன் பெயரிலேயே எல்லாம் இருக்கிறது, அவள் மேல் அம்மன் இறங்கியிருக்கிறாள், அதை அறியாமல் கை நீட்டிவிட்டோம் என்று பெரியவர்கள் கூடிப் பேசி, ஆவுடையப்பன் அண்ணாச்சி முன்னால் நடக்க, பட்டுச்சேலை, தேங்காய், பழம், சம்பங்கி மாலை என்று ஏழு தட்டோடும் மேளத்தோடும் அவள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அவள் அப்போதுதான் பள்ளிக்கூடம் விட்டு வந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பன் அண்ணாச்சி துண்டை இடுப்பில் கட்டினார். அவர் கண்ணில் உண்மையாகவே பயம் இருந்தது.

"ஆத்தா, தெரியாமச் செஞ்சிட்டேன். மனசு குளிரணும். கிரவுண்டு கன்னிமூலைல பீடம் போட்டு, உன் பேர்ல ஒரு சின்னக் கோயில் எழுப்புதோம். ஒவ்வொரு பங்குனிக்கும் முதல் பூசை உனக்கு. அதுக்கப்புறம்தான் ஆட்டமே."

அவள் ஒரு காலில் காலுறையோடு எழுந்து நின்றாள். "கோயில் எல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. எங்க அணி ஆடும்போது களத்தோரம் கோச்சு உக்காருத பெஞ்சு இருக்குல்லா, அதுல எனக்கு இடம் தாங்க. போதும்."

 ஆவுடையப்பன் அண்ணாச்சி நிஜமாகவே சங்கடப்பட்டார். "அது எப்பிடி ஆத்தா? சாமியப் போயி பெஞ்சுல உக்கார வைக்க முடியுமா?"

"நான் சாமி இல்ல. கோச்சு."

"சாமி தன்னைச் சாமின்னு சொல்லாது ஆத்தா."

"அப்ப பேச்சித்தாயா வந்து உக்காருதேன்."

"பேச்சித்தாய்னா பொம்பளைல்லா?" என்றார் அவர், அவ்வளவு வெள்ளந்தியாக.

அவள் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறிய விதத்தை அன்றைக்கு அங்கே நின்ற நாங்கள் யாரும் மறக்கவில்லை. "பன்னெண்டு பேருக்கு எட்டு மாசம் மூச்சுப் பிடிக்கச் சொல்லிக் குடுத்தது சாமி இல்ல அண்ணாச்சி. நான். பாட்டியாலால குளிர்ல உதடு வெடிச்சிப் படிச்சது நான். என்னை அம்மன்னு சொல்லி ஒரு கல்லுக்குள்ள வச்சிப் பூட்டிட்டா, நீங்க கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே என்னைய வெளிய நிறுத்திரலாம். தட்டை எடுத்துட்டுப் போங்க. மாலை வாடிரும், கொண்டுபோயி யாருக்காவது கொடுங்க."

கதவைச் சாத்தவில்லை. திறந்த வாசலிலேயே உட்கார்ந்து இன்னொரு காலுறையைக் கழற்றினாள். மேளக்காரர்கள் அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் திரும்பி நடந்தார்கள்.

கமிட்டி வேறு வழி கண்டுபிடித்தது. நடுவர் ஆணாகவே இருப்பார், முடிவு அவருடையதுதான், அவர் கையைத் தூக்கும்போது பக்கத்தில் ஒரு பெண் நின்று ஊதுவாள். ஊதுவதோடு அவள் வேலை முடிந்தது. அதற்கு முப்பிடாதியைக் கேட்டார்கள், சம்மதித்தாள். நாலாவது ஞாயிற்றுக்கிழமை போட்டி மறுபடி தொடங்கியது. முதல் ஆட்டத்தில் அவர்கள் சொன்னபடி ஊதினாள். இரண்டாவது ஆட்டத்தின் நடுவில், நடுவர் கையைத் தூக்காதபோது ஊதினாள்.

"நான் சொல்லலியே?" என்றார் நடுவர்.

"அவன் காலு கோட்டத் தாண்டுச்சுல்லா? வாய் மட்டும்தான் எனக்குன்னு நெனச்சியளா, கண்ணும் இருக்கு."

நடுவர் குனிந்து மண்ணைப் பார்த்தார். கோட்டுக்கு வெளியே ஐந்து விரலும் பதிந்திருந்தன. புள்ளி கொடுத்தார். அதற்குப் பிறகு வந்த ஆட்டங்களில் யார் கையைத் தூக்குகிறார்கள், யார் ஊதுகிறார்கள் என்பதில் வரிசை மாறிவிட்டது. எல்லாத் திடலுக்கும் சேர்த்து முப்பது பெண்களைப் போட வேண்டியிருந்தது. அவர்கள் சாயங்காலங்களில் முப்பிடாதி வீட்டு முற்றத்தில் கூடி கபடிச் சட்டங்களைச் சத்தம் போட்டுப் படித்தார்கள்.

பேச்சித்தாய் மட்டும் வேலிக்கு வெளியே ரோட்டில் நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே சொன்னாள். "இருளப்பா, இடப்பக்கம் மூச்சு தேயுது பாரு!" "மாசானம், அவசரப்படாத, அவன் வரட்டும்!" எட்டு மாதப் பழக்கத்தில் அந்தக் குரலை இரண்டாயிரம் பேர் கூச்சலிலும் அவர்கள் பிரித்தெடுத்தார்கள். காலிறுதி வென்றார்கள். அரையிறுதியும் வென்றார்கள். இறுதி ஆட்டம் தேரிவிளை அணியோடு. நாலு வருஷமாகக் கோப்பையைக் கொண்டுபோகிறவர்கள்.

ஆறாவது ஞாயிற்றுக்கிழமை, இறுதி ஆட்டத்தன்று மதியம், முப்பிடாதி கிரவுண்டுக்குப் போய்விட்டதால், சங்கிலிபூதம் பழைய ஞாபகத்தில் டிக்கெட் கிழித்துக்கொண்டே விசிலை வாயில் வைத்து ஊதினான். பஸ் கிளம்பிவிட்டது. இரண்டு தெரு தாண்டிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. இன்னொரு தரம் ஊதிப் பார்த்தான், டிரைவர் நிறுத்தினார். வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்கு ஓடினான். அதற்குள் ஊர் முழுக்க ஆண்கள் தெருவில் நின்று ஊதிக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீடு மாதிரி இருந்தது.

பேச்சித்தாய் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சா?" என்றான் மூச்சு வாங்க.

"கேட்டுது."

"இன்னைக்கு நீ போவாண்டாம். இத்தன நாளு பயந்தாவ. இப்ப உன்கிட்ட ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சி போச்சி. வெளியகூட நிக்க விடமாட்டாவ."

அவள் நாடாவை இறுக்கி முடிந்தாள். "இத்தன நாளும் நான் ஏன் வேலிக்கு வெளியவே நின்னேன்னு நெனைக்கிய? உள்ள போயிருந்தா யாரும் தடுத்திருக்கமாட்டாவ. சாமி வந்துட்டான்னு வழி விட்டிருப்பாவ. இன்னைக்குத்தாங்க போவணும். இன்னைக்குப் போனாத்தான் நான் போனதா அர்த்தம்."

 சங்கிலிபூதம் பஸ் பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "அப்ப நானும் வாரேன்," என்றான்.

வேலியின் வாசலில் யாரும் அவளை நிறுத்தவில்லை. அவ்வளவு பேருக்கும் ஆச்சரியமாக இருந்தது. அவள் பேண்ட்டும் டீசட்டையுமாக, சான்றிதழின் நகலைக் கையில் மடித்துப் பிடித்தபடி, களத்தைச் சுற்றி நடந்து வந்து எங்கள் அணியின் பெஞ்சில் உட்கார்ந்தாள். மைக் கரகரத்தது.

"எம்மா." ஆறு வாரத்துக்குப் பிறகு ஆவுடையப்பன் அண்ணாச்சி பழையபடி அம்மா போட்டார். "எல்லாம் சரியாப் போச்சி. நடுவரே ஊதிக்கிடுவாரு. நீ எந்திரி."

"கோச்சு பெஞ்சுல உக்காரணும்னு சட்டத்துல இருக்கு அண்ணாச்சி."

"பொம்பள உக்காரலாம்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

"உக்காரக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

"நீ எந்திரிக்கலன்னா தேரிவிளைக்குக் கோப்பையக் குடுத்திருவேன். ஆட்டமே கிடையாது."

மாசானம் நடுக்கோட்டில் போய் உட்கார்ந்தான். இருளப்பன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். ஏழு பேரும் உட்கார்ந்தார்கள். மாற்று ஆட்கள் ஐந்து பேரும் வந்து உட்கார்ந்தார்கள். ஆவுடையப்பன் அண்ணாச்சி தேரிவிளைப் பக்கம் திரும்பினார். அவர்களுடைய கேப்டன் டேவிட்துரை, ஆறடி உயரம், தொடை இரண்டும் உலக்கை, முதுகைச் சொறிந்துகொண்டு கொஞ்சம் யோசித்தான்.

"ஆடாம வாங்குத கோப்பையக் கொண்டுபோனா எங்க ஊர்ல எங்கள வெரட்டிருவாங்க பெரியவரே," என்றான். "இந்தக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னே இவனுவள அரையிறுதி ஜெயிக்க வச்சிருக்கு. பக்கத்துல உக்காந்தா என்ன செய்யுதுன்னு பாக்கணும். உக்காரட்டும்." சொல்லிவிட்டு அவனும் தன் பக்கத்து மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

ஆவுடையப்பன் அண்ணாச்சி மைக்கில் வாயைத் திறந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து முப்பிடாதி ஊதினாள். அவர் மறுபடி திறந்தார். முப்பது பேரும் ஊதினார்கள். ஆண்களின் விசில் திரும்பி வந்ததே தவிர பெண்களின் விசில் எங்கேயும் போய்விடவில்லை. அவர் வாயைத் திறக்கிறபோதெல்லாம் ஊதினார்கள், மூடினால் நிறுத்தினார்கள். ஒரு கால் மணி நேரம் அப்படிப் போயிற்று. கடைசியில் அவர் மைக்கை மேஜையில் வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நடுவர் முப்பிடாதியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். நடுவர் ஊதினார்.

அந்த மாதிரி ஒரு ஆட்டத்தை எங்கள் ஊர் பார்த்ததில்லை. முதல் பாதியில் பதினைந்துக்குப் பதிமூன்று என்று எங்கள் அணி முன்னால் இருந்தது. இரண்டாம் பாதியில் டேவிட்துரை மூன்று பேரை முதுகில் இழுத்துக்கொண்டே நடுக்கோட்டைத் தொட்டான். அடுத்த தரம் வந்தபோது பேச்சித்தாய் ஒரு சொல்தான் சொன்னாள், "வலது." இருளப்பன் வலது கணுக்காலைப் பாய்ந்து பிடிக்க, சங்கிலி மூட, அந்த ஆறடி உடம்பு மண்ணில் விழுந்த சத்தம் ரோட்டில் கேட்டது. கடைசி நிமிஷத்தில் முப்பதுக்கு முப்பது. மாசானம் பாடிப் போய்த் திரும்பும்போது முழங்கால் திருகிக்கொண்டு நொண்டினான். தேரிவிளைக்காரன் ஒருவன் பாடி வந்து வெறுங்கையோடு திரும்பியதும், ஒரே ஒரு ரெய்டு பாக்கி, எங்களுடையது.

பேச்சித்தாய் டைம் அவுட் கேட்டாள். மாசானத்தின் முழங்காலை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தாள்.

"நான் போறேன் யக்கா. தாங்கும்."

"தாங்காது. உக்காரு. இருளப்பா, நீ போ. போனஸ் கோட்டத் தாண்டிக் கால வை, ஒரு புள்ளி வரும். பின்காலு தரையில படக் கூடாது. அதுக்கு மேல ஆசப்படாத."

இருளப்பன் பிடிக்கிறவன், பாடிப் போகிறவன் இல்லை. இரண்டாயிரம் பேரும் மூச்சை நிறுத்தியிருக்க அவன் போனான். தேரிவிளைக்காரர்கள் பின்வாங்கினார்கள். போனஸ் கோட்டுக்கு மேல் அவன் காலை நீட்டினான், பெருவிரல் கோட்டைத் தாண்டியது, பின்காலின் நுனி மண்ணை விட்டு எழுவதற்கு ஒரு இமைப்பு பிந்தியது. மூலையிலிருந்து டேவிட்துரை பாய்ந்து மடக்கிவிட்டான்.

முப்பத்தொன்றுக்கு முப்பது. தேரிவிளை கோப்பையை வாங்கிக்கொண்டு போனது. பேச்சித்தாய் களத்துக்குள் இறங்கி, குப்புறக் கிடந்து அழுத இருளப்பனை உட்கார வைத்தாள். "நாளைக்கு அஞ்சரைக்கு வந்திரு. மத்ததப் பொறவு பாப்போம்," என்றாள். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் பயிற்சி முடிந்து ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டு டீக்கடைப் பக்கமாக அவள் வந்தபோது உள்ளே சண்டையாக இருந்தது. பத்துப் பதினைந்து பேர் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மாசானத்த வெளிய எடுத்ததுதான்ல தப்பு!"

"நொண்டிக்கிட்டே போயிருந்தாலும் அவன் தொட்டுட்டு வந்திருப்பான்."

"கோச்சு எடுத்த முடிவு மோசமான முடிவு. ஒத்துக்கிடுதேன். ஆனா முதல் பாதில..."

அவள் வாசலில் நின்றுவிட்டாள். அவர்கள் அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நன்றாகத் திட்டினார்கள். மூளை இருக்கிறதா என்று கேட்டார்கள். பாட்டியாலாவில் இதைத்தான் படித்தாளா என்று கேட்டார்கள். அவள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கடைசிவரை கேட்டாள். பொம்பள என்று ஒருவரும் சொல்லவில்லை. அம்மன் என்றும் யாரும் சொல்லவில்லை.

மூலையில் ஆவுடையப்பன் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. அவளைப் பார்த்ததும் தம்ளரை மேஜையில் டொக்கென்று வைத்தார்.

"வா. உன்னையத்தான் கேக்கணும். முப்பதுக்கு முப்பது. சும்மா பாடிட்டுத் திரும்பியிருந்தாலே சமன். கூடுதலா அஞ்சு ரெய்டு கிடைச்சிருக்கும். எந்தக் கோச்சாவது அந்த நேரத்துல போனஸுக்கு ஆள அனுப்புவானா?"

"அஞ்சு ரெய்டுக்கு எங்கிட்ட யாரு இருந்தா அண்ணாச்சி? மாசானத்துக்கு முட்டி போச்சி. மிச்சப் பேருக்கு மூச்சு இல்ல. டேவிட்துரை இன்னும் அர மணி நேரம் ஆடுவான். அந்த ஒரு ரெய்டுதான் எங்களுக்கு இருந்த ஒரே வழி."

"இருளப்பனுக்கு இடது காலு வலு இல்லன்னு ஊருக்கே தெரியும். கோச்சுக்குத் தெரியலையா?"

"தெரியும். அதனாலதான் வலது காலத் தூக்கச் சொன்னேன்."

"நின்ன காலு எது? இடது! அப்ப எப்பிடித் துள்ளுவான்?"

பேச்சித்தாய் நின்ற இடத்திலேயே வலது காலைத் தூக்கிப் பார்த்தாள்.  அவள் ஒரு ஸ்டூலை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்து, முழங்கைகளை மேஜையில் ஊன்றிக்கொண்டாள்.

"அது என் தப்புதான்," என்றாள். "அத நான் சரி பண்ணிக்கிடுதேன். ஆனா நடுவுல பத்து நிமிஷம் உங்க காலத்து ஆளுவ ஒருத்தனும் நெனச்சிப் பாக்காத ஆட்டத்த நாங்க ஆடினோம். அதப் பத்தி ஒண்ணும் பேசாம கடைசி ரெய்ட மட்டும் பேசுனா விடமாட்டேன் அண்ணாச்சி. முதல் பாதியில இருந்து வாங்க."